மகளின் முதல் வெளிநாட்டுப் பாய்மரப் படகுப் போட்டி (ரெகாட்டா): கார்டா ஏரிக்குப் போய்வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

ராயபுரம் அம்மா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று வருடங்களுக்கு முன் கோடை முகாமில் சேர்த்தேன். பத்து நாள் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்குத் துறைமுகம்தான். ஆப்டிமிஸ்ட் ஓட்டுகிறாள், பிள்ளைகள் தனியாக ஓட்டும் சின்னப் பாய்மரப் படகு அது. ஹைதராபாத் உசேன் சாகரில் மான்சூன் ரெகாட்டாவுக்கு இரண்டு முறையும் மும்பைக்கு ஒரு முறையும் போயிருக்கிறாள்.

இந்த ஈஸ்டர் வாரத்தில் இத்தாலியில் நடக்கும் லேக் கார்டா மீட்டிங் என்ற போட்டிக்கு நான்கு பிள்ளைகளை அனுப்புவதாகப் பேச்சு. அதில் இவளும் ஒருத்தி. கோச் ஒருவர் வருகிறார், பெற்றோரில் நானும் இன்னொரு பையனின் அப்பாவும் போகிறோம். சீட்டுப் பணம் எடுத்துத்தான் போகிறோம், இரண்டாவது முறை என்பது எங்களுக்கு இல்லை. அதனால் தெரியாமல் செய்யும் தவறுகளைக் குறைக்க நினைக்கிறேன்.

படகு அங்கே வாடகைக்கு எடுக்கிறோம். படகின் பாயை இங்கிருந்து கொண்டு போகலாமா, அதையும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாமா? இவள் எடை 36 கிலோதான். அங்கே காற்று பலமாக இருக்கும் என்கிறார்கள், தாங்குவாளா? ஏப்ரலில் தண்ணீர் ரொம்பக் குளிராமே? நம் கடலில் அவள் ஒரு லைக்ரா சட்டையோடு இறங்கிப் பழகியவள். விசா, சாப்பாடு பற்றியும் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. அங்கே ஆயிரம் படகு வரும் என்று கேட்டதிலிருந்து அவள் இரவில் சரியாகத் தூங்கவில்லை. இவள் கடைசியாக வந்தாலும் எனக்கு வருத்தம் இல்லை. பயந்துபோய், திரும்பி வந்ததும் படகே வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடாது. அதுதான் என் கவலை.

---

துறைமுக அப்பா எழுதிய பதில்:

சகோதரி, என் மகன் 12 வயதில் ஒரு முறையும் 14 வயதில் ஒரு முறையும் கார்டாவுக்குப் போனான். முதல் முறை நாங்கள் செய்த தவறுகளைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

போட்டி தொடங்குவதற்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். விடுதிச் செலவு இரண்டு நாள் மிச்சம் என்று கணக்குப் போட்டது நான்தான். சென்னையிலிருந்து இரண்டு விமானம் மாறி வெரோனா, அங்கிருந்து வேன். மலைக்கு நடுவே, போட்டி நடக்கும் ரீவா ஊரில் இறங்கும்போது இருட்டிவிட்டது. வாடகைப் படகைக் கை மின்விளக்கு வெளிச்சத்தில் வாங்கினோம். மறுநாள் காலை பார்த்தால், படகை மிதக்க வைக்கும் மூன்று காற்றுப்பைகளில் ஒன்று தொளதொளவென்று கிடந்தது. டேகர்போர்டு (படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கும் பலகை) அதன் உறைக்குள் ஆடியது. பையன் தன் படகில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கட்டுவான். இங்கே மாஸ்டின் (பாய்மரத்தின்) சாய்வு எவ்வளவு, பழைய பாய்க் கட்டுகள் எந்த நிலையில் என்று எதுவும் தெரியாமல் தண்ணீரில் இறங்கினான். இரண்டாவது ரேஸில் கவிழ்ந்தான். காற்றுப்பை ஒன்று சரியில்லாததால் படகு ஒரு பக்கம் தாழ்ந்து நின்றது. நிமிர்த்தி, தண்ணீர் இறைத்து முடிப்பதற்குள் விரல்கள் மரத்துப்போய்விட்டன. மீட்புப் படகுதான் கரைக்கு இழுத்துவந்தது. அன்று இரவு அவன் எதுவும் பேசவில்லை, போர்வைக்குள்ளேயே இருந்தான்.

அதனால் நான் எல்லோரிடமும் கெஞ்சிச் சொல்வது ஒன்றுதான். மூன்று முழு நாட்கள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். புதுப் பாய் வாங்க வைத்திருக்கும் பணத்தை எடுத்து அந்த மூன்று நாள் விடுதிக்குக் கொடுங்கள். இரண்டாவது முறை அப்படித்தான் செய்தோம். முதல் நாள் தண்ணீரிலேயே இறங்காமல் படகைக் கழற்றிப் பூட்டினான். காற்றுப்பைகளை ஊதி, ஒரு மணி நேரம் கழித்து அழுத்திப் பார்த்தான். இரண்டாம் நாள் கரையோரம் வேண்டுமென்றே இரண்டு முறை கவிழ்ந்து நிமிர்த்தினான். குளிர் எப்படி இருக்கும் என்று உடம்புக்கு அன்றே தெரிந்துவிட்டது. போட்டி நாளில் அது புதிதாக இல்லை.

பாயை இங்கிருந்தே கொண்டு போங்கள், சந்தேகமே வேண்டாம். அவள் எடைக்கு ஏற்ற, அவளுக்குப் பழகிய பாய். அதன் பாட்டன்களை (பாயை விறைப்பாக வைக்கும் பட்டைகளை) உருவிவிட்டு, அடிப்பக்க விளிம்போடு ஒட்டிச் சுருட்டி, நாலு அங்குல பிவிசி குழாயில் போட்டு இரண்டு பக்கமும் மூடி மாட்டினோம். ஹார்டுவேர் கடையில் வெட்டிக் கொடுப்பார்கள். கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நீளம் வரும். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கவுண்டரில் நின்று விவாதிக்க முடியாது. மாஸ்ட், பூம் (பாயின் அடிக்கழி), ஸ்ப்ரிட் (பாயின் மேல்முனையைத் தாங்கும் சாய்வுக் கழி), ரட்டர் (சுக்கான்), டேகர்போர்டு, டிராலி (படகைக் கரையில் தள்ளும் வண்டி) எல்லாம் வாடகையில் சேர்ந்து வந்தன. ஷீட் (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு), பாய்க் கட்டுகள், காற்றுக்காட்டி, அவளுடைய டில்லர் எக்ஸ்டென்ஷன் (சுக்கான் பிடியின் நீட்டுக் கழி), இன்சுலேஷன் டேப் இரண்டு சுருள் எடுத்துப்போங்கள். தண்ணீர் இறைக்கும் பெய்லரும் உங்களுடையதாகவே இருக்கட்டும். நம் பிள்ளைகள் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை வெட்டிச் செய்வதைவிட நல்ல பெய்லர் நான் எங்கேயும் பார்க்கவில்லை.

கட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாய்க்கும் மாஸ்டுக்கும், பாய்க்கும் பூமுக்கும் இடையே 10 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது என்பது ஆப்டிமிஸ்ட் விதி. பலத்த காற்றில் கட்டு தளர்ந்தால் இடைவெளி கூடும். இங்கே யாரும் அளந்து பார்க்காமல் விட்டிருப்பார்கள், அங்கே அளப்பார்கள். ஒவ்வொரு நாளும் இறங்கும் முன் அவளே விரலை விட்டுப் பார்க்கட்டும்.

வாடகைப் படகை வாங்கும்போது அடிப்பாகம், மூக்கு, விளிம்பு எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். எடுத்த கையோடு வாடகைக்குக் கொடுத்தவருக்கும் அனுப்பிவிடுங்கள். முதல் முறை ஏற்கெனவே இருந்த ஒரு கீறலுக்காக எங்கள் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். எங்களிடம் ஆதாரம் இல்லை.

இனி காற்று. ரீவா, ஏரியின் வட முனையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. காலையில் வடக்கிலிருந்து ஒரு காற்று இறங்கும், அதற்குப் பெலெர் என்று பெயர். அது அடங்கி, நடுப்பகல் வாக்கில் தெற்கிலிருந்து ஓரா கிளம்பும். நம் கணக்கில் காலையில் வாடை, மதியம் தென்றல். ஆனால் நம் தென்றல் மாதிரி மெல்லியது இல்லை. இரண்டு மலைக்கு நடுவே ஒடுங்கி வருவதால் வேகம் கூடிவிடும், மணிக்கு 15 கடல் மைலுக்கு (நாட்) மேல் போவது சாதாரணம். நம் பிள்ளைகளுக்கு நீளமான கடல் அலையில் ஏறி இறங்கிப் பழக்கம். அங்கே அலை குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக வரும். படகின் மூக்கு ஒன்றில் ஏறும் முன்னே அடுத்தது உள்ளே கொட்டும். அதனால் இறைத்துக்கொண்டே ஓட்டப் பழக வேண்டும். உள்ளே பத்து லிட்டர் தண்ணீர் நின்றால் பத்து கிலோ கூடுதல் சுமை. 36 கிலோ பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

எடை குறைவு என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். ஓரா பலமாக வீசும்போது டேகர்போர்டை ஒரு சாண் மேலே தூக்கி வைப்பது, ஷீட்டை விட்டு விட்டு இழுப்பது, எந்த நிலையிலும் படகைத் தட்டையாக வைத்திருப்பது, இந்த மூன்றையும் சென்னையில் கடல்காற்று ஏறும் பிற்பகல்களில் இப்போதே பழகலாம். என் மகன் முதல் முறை போனபோது 34 கிலோ. முன்னால் வரவில்லை. ஆனால் கடைசி இரண்டு நாள் எல்லா ரேஸையும் முடித்தான்.

விசா: காலம் தாழ்த்த வேண்டாம், ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். 12 வயது நிறையாத பிள்ளைகளுக்குக் கைரேகை கிடையாது. உங்கள் மகளுக்கு உண்டு, நேரில் கூட்டிப்போக வேண்டும். அவளுடைய அப்பா உடன் வரவில்லை என்றால் அவருடைய சம்மதக் கடிதம், பிறப்புச் சான்றிதழ் இரண்டும் தேவை. விளையாட்டுப் போட்டிக்குப் போகும் இளையோருக்குச் சில நேரங்களில் கட்டண விலக்கு உண்டு, அழைப்புக் கடிதத்தைக் காட்டிக் கேளுங்கள். முழு ஆண்டுத் தேர்வு தேதியை இன்றே பள்ளியில் கேட்டுவிடுங்கள். ஈஸ்டர் ஒவ்வொரு வருடமும் நகரும், எங்களுக்கு இரண்டாவது முறை இரண்டு தேர்வுகளோடு மோதியது.

கடைசியாக ஒன்று. அங்கே கரையில் ஆயிரம் டிராலிகள் ஒரே மாதிரி கிடக்கும். ரேஸ் முடிந்து நடுங்கிக்கொண்டு வரும் பிள்ளை தன் டிராலியைத் தேடி நிற்கக்கூடாது. என் மனைவி ஒரு பழைய மஞ்சள் சுங்குடிச் சேலையைக் கிழித்து நான்கு பிள்ளைகளின் டிராலிக் கைப்பிடியிலும் கட்டிவிட்டார். தூரத்திலிருந்தே தெரிந்தது.

---

பிடோக் தமிழ்ச்செல்வி எழுதிய பதில்:

அக்கா, நான் சிங்கப்பூர். என் பெண் ஈஸ்ட் கோஸ்ட்டில் பயிற்சி எடுத்து, போன வருடம் கார்டா போய் வந்தாள். குளிர் பற்றி மட்டும் சொல்கிறேன், எங்களுக்கும் அதுதான் பெரிய பாடம்.

நம் ஊர்த் தண்ணீர் 28 டிகிரி என்றால் அங்கே ஏப்ரலில் ஏறக்குறைய 10 டிகிரி. எதிரே மலை உச்சியில் பனி தெரியும். வெட்சூட் (தண்ணீரில் குளிர் தாங்கும் உடை) முழுக்கை, முழுக்கால், 4/3 மில்லிமீட்டர். வளரும் பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாக வாங்க நம் கை போகும், தயவுசெய்து வேண்டாம். உடம்போடு ஒட்டி இருந்தால்தான் வேலை செய்யும். தொளதொளப்பாக இருந்தால் குளிர்ந்த தண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். வாங்க முடியாவிட்டால், போய் வந்த பிள்ளையிடம் இரவல் கேளுங்கள். எல்லோர் வீட்டிலும் சின்னதாகிப்போனது ஒன்று இருக்கும். மேலே தண்ணீர் தெறிப்பைத் தடுக்கும் ஒரு ஸ்ப்ரே டாப், தலைக்கு நியோபிரீன் தொப்பி, காலுக்கு பூட். தலை நனைந்தால்தான் குழந்தைகள் சீக்கிரம் சோர்ந்துபோகிறார்கள்.

ரேஸ் நடுவே காத்திருக்கும் நேரம்தான் கொடுமை. காற்று வரவில்லை என்றால் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட ஒத்திவைப்புக் கொடியை ஏற்றிவிட்டு உட்கார வைத்துவிடுவார்கள். கோச் படகில் ஒரு பிளாஸ்கில் இளஞ்சூடான தண்ணீரும், ஒரு உலர்ந்த கம்பளித் தொப்பியும் ஏற்றிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு, அடுப்படி உள்ள வீடாக வாடகைக்கு எடுங்கள். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, சின்ன ரைஸ் குக்கர் போதும். ஐரோப்பாவுக்குள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை. அதனால் நெய், பால்கோவா, மோர் மிளகாய் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தயிர் அங்கே கடையில் கிடைக்கிறது, நன்றாகவே இருக்கிறது. தண்ணீரில் சாப்பிடச் சப்பாத்திச் சுருள், வாழைப்பழம், பேரீச்சம்பழம் கொடுத்தேன். மரத்த விரலால் பிரிக்கும்படி கட்டுங்கள். என் பெண் முதல் நாள் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க முடியாமல் பட்டினியாக வந்தாள்.

---

முன்னாள் ஆப்டி பெண் எழுதிய பதில்:

ஆன்ட்டி, நான் இப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. பத்து வயதிலிருந்து பதினைந்து முடியும் வரை அதே துறைமுகத்தில் ஆப்டிமிஸ்ட் ஓட்டியவள். அங்கிள் படகைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் நானும் அப்படிப் பயந்துபோயிருக்கிறேன்.

ஆயிரம் படகும் ஒன்றாகப் புறப்படாது. பிள்ளைகளை நிறம் நிறமாகப் பிரித்து, ஸ்ப்ரிட் நுனியில் அந்த நிற ரிப்பன் கட்டச் சொல்வார்கள். ஒரு நேரத்தில் ஒரு நிறம்தான் ஸ்டார்ட் எடுக்கும். முதல் சில நாள் முடிவை வைத்து கோல்டு, சில்வர், பிரான்ஸ் என்று மறுபடி பிரிப்பார்கள். அதற்குப் பிறகு அவள் அளவுக்கு ஓட்டுகிறவர்களோடுதான் ஓட்டப்போகிறாள். இதை ஒரு தாளில் படம் வரைந்து அவளுக்குக் காட்டுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் ஆயிரம் பாய்களையும் ஒரே கோட்டில் கற்பனை செய்துகொண்டே விமானம் ஏறினேன்.

ஸ்டார்ட்டில் நெரிசல் இருக்கும், அது உண்மை. பிள்ளைகள் சிக்னலுக்கு முன்பே ஸ்டார்ட் கோட்டைத் தாண்டிக்கொண்டே இருந்தால் யூ கொடியோ கறுப்புக் கொடியோ ஏற்றுவார்கள். ஏற்றினால், கடைசி ஒரு நிமிடத்தில் கோட்டுக்கும் முதல் மார்க் எனும் திருப்ப மிதவைக்கும் இடைப்பட்ட முக்கோணத்துக்குள் இருந்தவர்கள் விசாரணை இல்லாமலே வெளியே. யூ கொடி என்றால் அந்த ஸ்டார்ட்டை ரத்து செய்து மறுபடி எடுக்கும்போது சேர்ந்துகொள்ளலாம். கறுப்பு என்றால் அதுவும் முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஒரு ரேஸ் இழந்தேன். அவளுக்குக் கொடிகள் தெரிந்திருக்கும், ஆனாலும் தூக்கத்தில் கேட்டால் சொல்லும்படி படிக்க வையுங்கள்.

அப்புறம் குரல். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்குச் சத்தம் போடாதே என்றுதான் சொல்லி வளர்க்கிறோம். தண்ணீரில் அவள் ஸ்டார்போர்டு டாக்கில் (வலப்பக்கம் காற்று வாங்கி) வரும்போது போர்ட் டாக்கில் (இடப்பக்கம் காற்று வாங்கி) ஒருவன் குறுக்கே வந்தால், ‘ஸ்டார்போர்டு!’ என்று அவனுக்குக் கேட்கும்படி கத்த வேண்டும். அவன் விலகாமல் இவள் தப்பிக்கத் திருப்ப வேண்டியிருந்தால், அந்த இடத்திலேயே ‘புரொட்டெஸ்ட்!’ என்று கத்த வேண்டும். ஆப்டிமிஸ்ட் போன்ற சின்னப் படகுக்குச் சிவப்புக் கொடி தேவையில்லை, குரல்தான் சாட்சி. கரைக்கு வந்து அழுதுகொண்டே சொன்னால் செல்லாது. என் முதல் வெளிநாட்டுப் போட்டியில் மூன்று பேர் என்னை அப்படித் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் ‘சாரி’ சொன்னேன். அது இன்னும் மனதில் இருக்கிறது.

புரொட்டெஸ்ட் மீதான விசாரணை ஆங்கிலத்தில் நடக்கும். சின்னப் படகு பொம்மைகளை மேசையில் வைத்து, நான் இங்கே, அவன் அங்கே, காற்று இந்தப் பக்கம் என்று காட்டச் சொல்வார்கள். அங்கே உட்காரும் ஜட்ஜுகள் பிள்ளைகளிடம் பொறுமையாகத்தான் பேசினார்கள். வீட்டில் தீப்பெட்டிகளை வைத்து இரண்டு மூன்று முறை சொல்லிப் பழகினால் பயம் போய்விடும்.

கணபதியும் வருண் தக்கரும் 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 49இஆர் என்ற இருவர் படகுப் பிரிவில் வெண்கலம் வாங்கியபோது நாங்கள் எல்லோரும் கிளப்பில் கைப்பேசியைச் சுற்றி நின்றோம். நேத்ரா குமணன் 2021இல் ஓமனில் ஒலிம்பிக்குத் தகுதி பெற்றபோதும் அப்படித்தான். அவர்களும் சென்னையில் சின்ன வயதில் இதே தண்ணீரில் தொடங்கியவர்கள். இதை அவளிடம் அழுத்தம் கொடுக்க வேண்டாம், தெரிந்திருந்தால் போதும்.

---

ராயபுரம் அம்மா எழுதியது:

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. காலையில் எல்லாவற்றையும் அவளோடு உட்கார்ந்து படித்தேன். நிற ரிப்பன் விஷயத்தைப் படித்ததும், ‘அப்ப ஒரு ஸ்டார்ட்டுல எத்தனை பேருமா?’ என்று கேட்டாள். பயம் போய்க் கணக்கு வந்துவிட்டது.

கோச்சிடம் பேசிவிட்டேன். புதுப் பாய் வாங்கவில்லை, பழைய பாயிலேயே போகிறாள். மூன்று நாள் முன்னதாகப் போகிறோம். இன்னொரு பையனின் அப்பாவும் சம்மதித்துவிட்டார். ‘சாரி’ சொன்னேன் என்று எழுதியிருந்தாயே அம்மா, அந்த வரியை மட்டும் அவள் இரண்டு முறை படித்தாள்.

ஒரு சந்தேகம் இன்னும் இருக்கிறது, சார். நாங்கள் கரையில் நிற்கும்போது அவளுக்கு ஏதாவது உதவலாமா?

---

துறைமுக அப்பா எழுதிய பதில்:

தண்ணீரில் இறங்கும் வரை டிராலியைப் பிடிக்கலாம். ரேஸ் ஓடும்போது வெளியிலிருந்து யாரும் உதவக்கூடாது, கோச்சும்கூட. கை காட்டுவது, கூப்பிட்டுச் சொல்வது எதுவும் வேண்டாம், அவளுக்குத்தான் பாதிப்பு. தண்ணீரில் இறங்கும்போதும் கரை ஏறும்போதும் கையெழுத்துப் போடும் ஏற்பாடு இருந்தால் அதை அவளே செய்ய வேண்டும். குளிரில் வரும் பிள்ளைகள் நேராக உடை மாற்ற ஓடிவிடுவார்கள், மறந்தால் தண்டனைப் புள்ளி விழும். நான் உலர்ந்த துண்டை அந்தக் கையெழுத்து மேசைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பேன். துண்டுக்காக அவன் அங்கே வந்துதான் ஆக வேண்டும்.